நெல் வயல் வரப்பும் நன்மை செய்யும் பூச்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் குறுவையும் சம்பாவும் செய்கிறவர்களோடு வரப்பில் உட்கார்ந்து பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பதில்கள் நெல்லை மனதில் வைத்து எழுதியவை. மற்றப் பயிர்க்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

நன்மை செய்யும் பூச்சி என்கிறார்கள். என் வயலில் அப்படி எதையும் நான் பார்த்ததில்லையே?

பார்த்திருப்பீர்கள். இன்னதென்று தெரிந்திருக்காது. பனி காய்வதற்கு முன் வயலில் இறங்கி, ஒரு குத்தை இரண்டு கையாலும் விலக்கி அடித்தூரைப் பாருங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே விறுவிறுவென ஓடி மறையும் பழுப்பு நிறச் சிலந்தி, ஓநாய்ச் சிலந்தி. அது வலை கட்டாது, துரத்திப் பிடித்துத் தின்னும். தாய்ச் சிலந்தி குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டு அலைவதையும் பார்க்கலாம். தண்ணீரின் மேல் கடுகு அளவில் நடந்து திரியும் கரிய பூச்சி, மேலிருந்து தவறி விழும் தத்துப்பூச்சிக் குஞ்சுகளைப் பிடித்து உறிஞ்சிவிடும். இவற்றோடு தட்டான், ஊசித்தட்டான், பொறிவண்டு, தரைவண்டு, கும்பிடுபூச்சி எல்லாம் இரைவிழுங்கிகள்.

இன்னொரு கூட்டம் ஒட்டுண்ணிகள். பெரும்பாலும் குளவி இனம், ஆனால் கொட்டுகிற குளவி இல்லை. முட்டையைத் தாக்கும் டிரைக்கோகிரம்மா குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு வெளிவர வேண்டிய இடத்தில் குளவி வெளிவரும். புகையான் என்பது நெல்லின் அடித்தூரில் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி. அதன் முட்டையைத் தேடிப் போவது அனாக்ரஸ் என்ற இன்னொரு குளவி.

பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெலிந்த உடல், பச்சை நிறம், கருந்தலை. புகையான் இருக்கும் இடத்திலேயே இதுவும் கூட்டமாகத் தென்படும். அதனால் இதையும் புகையானின் சொந்தக்காரன் என்று நினைத்து மருந்து அடிக்கிறோம். இது அங்கே வந்திருப்பது புகையான் முட்டையை உறிஞ்சிக் குடிக்க.

இதில் வரப்புக்கு என்ன வேலை?

வயல் நிலையான இடம் இல்லை. உழுகிறோம், சேறடிக்கிறோம், நடுகிறோம், அறுக்கிறோம். ஒவ்வொரு முறையும் அங்கே இருக்கும் சிலந்தியும் வண்டும் வீடிழந்து போகின்றன. அந்த நேரத்தில் அவை ஒதுங்கும் இடம் வரப்பும் வாய்க்கால் கரையும்தான். நட்ட பத்து நாளில் அங்கிருந்துதான் திரும்ப வயலுக்குள் இறங்குகின்றன.

இரண்டாவது வேலை சாப்பாடு. ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சுதான் பூச்சியைத் தின்கிறது. வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். தேன் கிடைக்காத குளவி ஓரிரு நாளில் செத்துவிடும். கிடைத்தால் பல நாள் உயிரோடிருந்து அதிக முட்டைகளைத் தேடித் தாக்கும். மொட்டையாகச் சீவிய வரப்பு அதற்கு வெறும் மண்.

இங்கிலாந்தில் 1980-களின் கடைசியில், ஹாம்ப்ஷயர் பகுதியின் பெரிய கோதுமை வயல்களில் வேண்டுமென்றே மண்ணை மேடாக்கிப் புல் வளர்த்தார்கள். வயல் பெரிதாகப் பெரிதாக நடுவில் வண்டு தங்க இடமில்லாமல் போயிற்று என்பதால் இந்த ஏற்பாடு. அதற்கு 'வண்டு மேடு' என்று பெயர் வைத்தார்கள். படம் பார்த்தால் நம் வரப்பேதான். அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்து உண்டாக்க வேண்டியிருந்தது நம்மிடம் ஏற்கெனவே கிடக்கிறது.

வரப்பில் எதை விதைப்பது?

எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது உளுந்து. 'வரப்பு உளுந்து' என்று வேளாண் துறையும் ஊக்குவிக்கிறது. நல்லதுதான், அறுப்புக்கு முன்பே வீட்டுக்குப் பருப்பு வந்துவிடும். ஆனால் உளுந்து மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். பயறு வகைப் பூவின் இதழ் மூடியிருக்கும். தேனீ விலக்கிக்கொண்டு நுழையும், மில்லிமீட்டர் குளவியால் முடியாது.

தட்டைப்பயறு இன்னும் ஒரு படி மேல். அதன் பூங்கொத்துக் காம்பில், பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் புள்ளிகள் உண்டு. எறும்பு அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பொறிவண்டும் குளவியும் அங்கே வரும். ஆமணக்கின் இலைக்காம்பிலும் இதே மாதிரி சுரப்பிகள் இருக்கின்றன.

என் தேர்வு எள். சீனாவில் புகையானுக்காகப் பல பூச்செடிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அனாக்ரஸ் குளவிக்கும் மிரிட் பூச்சிக்கும் எள் பூ மிகவும் உதவியது. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு இவற்றின் அந்துப்பூச்சிகளுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. இதுதான் முக்கியம். பூ வைத்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்வது போதாது. அந்துப்பூச்சியும் தேன் குடிக்கிற ஜாதிதானே. எதிரிக்கும் விருந்து வைத்தால் என்ன லாபம்?

எள்ளுக்கு ஒரு குறை, ஈரம் தாங்காது. குறுவைக்கு எள், ஐப்பசி மழையைத் தாண்ட வேண்டிய சம்பாவுக்குத் தட்டைப்பயறும் உளுந்தும் என்று பிரித்துக்கொள்ளலாம். வரப்பு உயரமாக, தண்ணீர் தேங்காமல் இருந்தால் சம்பாவிலும் எள் முயன்று பார்க்கலாம். செண்டுப்பூ, சூரியகாந்தி, வெண்டை இவற்றையும் இடையிடையே ஊன்றுகிறார்கள். வெண்டை ஊன்றினால் வழியில் போகிறவர்கள் பறித்துக்கொண்டு போவார்கள், அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது விதைக்க வேண்டும்?

நாற்றங்கால் விடும்போதே வரப்பு விதையும் விழ வேண்டும். எள்ளோ உளுந்தோ பூக்க 35 முதல் 40 நாள் ஆகும். நடவு முடிந்து, களை எடுத்து, ஆள் ஒழிந்தபின் விதைத்தால் பூக்கும்போது நெல் கதிர் விட்டிருக்கும். பலர் தவறுவது இங்கேதான். ஓரடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு மூன்று விதை. முடிந்தால் இரண்டு வாரம் கழித்து இடைவெளிகளில் இன்னொரு ஈடு ஊன்றுங்கள். ஒரே வாரத்தில் எல்லாம் பூத்து ஓய்ந்துவிடாது.

வரப்பு உளுந்திலும் தட்டைப்பயறிலும் அசுவினி அப்பிக்கொள்கிறதே. நோயை நானே கூப்பிட்டு வைத்த மாதிரி ஆகாதா?

பயறில் வரும் அசுவினி நெல்லைத் தின்னாது. பொறிவண்டு அதைத் தின்று அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். தட்டைப்பயறு முழுக்கக் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தால் கை பரபரக்கும். ஒரு வாரம் பொறுங்கள். முதலை மாதிரி உருவத்தில், முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்கிற ஒன்று தெரியும். அது பொறிவண்டின் குஞ்சு. அதைப் புழு என்று நினைத்து நசுக்கியவர்களில் நானும் ஒருவன்.

அப்படியானால் வரப்பைச் சீவவே கூடாதா? எலி வளை வைக்குமே, களை வயலுக்குள் இறங்குமே?

கேள்வி நியாயமானது. பூச்சிக்காக வரப்பைக் காடாக்கினால் எலி குடும்பம் நடத்தும். அண்டை வெட்டி, அதாவது பக்கங்களைச் செதுக்கி, வரப்பை ஒடுக்கமாக வைக்கச் சொல்வதே எலி வளைக்காகத்தான். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

மாற்ற வேண்டியது சீவுகிற முறையை. ஒரே நாளில் எல்லா வரப்பையும் மண் தெரியச் செதுக்காமல், ஒன்று விட்டு ஒன்றாகச் சீவுங்கள். மற்றதை இரண்டு மூன்று வாரம் கழித்து. சிலந்திக்குப் போக ஓர் இடம் இருக்கும். மண்வெட்டியால் வேரோடு எடுப்பதற்குப் பதில் அரிவாளால் சாண் உயரத்துக்கு அறுத்தால் மாட்டுக்கும் ஆகும்.

எல்லாக் களையும் ஒன்றில்லை. வெட்டுக்காயப் பூண்டு, தும்பை இருந்தால் இருக்கட்டும், சின்னக் குளவிகளுக்கு எட்டுகிற தேன் அவற்றில் உண்டு. குதிரைவாலிப் புல்லைக் கதிர் விடும் முன் அறுத்துவிடுங்கள். கதிர் நாவாய்ப்பூச்சி நெல்லுக்கு வரும் முன் அதில்தான் பால் குடிக்கும். பருத்தி போடுகிறவர்கள் துத்தியையும் பார்த்தீனியத்தையும் விட்டுவைக்கக் கூடாது, மாவுப்பூச்சி அவற்றில் தங்கி வரும். வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. வேலை சுலபம்தான். அடித்த வரப்பு பழுத்துக் கிடக்கும் அந்தச் சில வாரங்கள்தான் பயிருக்குக் காவல் தேவைப்படும் வாரங்கள்.

நட்டு இருபதாம் நாள் இலை சுருண்டு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறீர்களா?

பெரும்பாலும், ஆமாம்.

வரப்பில் என்ன விதைத்தாலும், இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் எடுக்கும் முடிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நட்ட முதல் 40 நாள், பயிர் சிம்பு வெடிக்கும், அதாவது பக்கத் தூர் விடும் காலம். அப்போது இழந்த இலையைப் பயிர் திரும்பத் துளிர்த்து ஈடுகட்டிவிடும். கண்ணுக்குப் பெரிய சேதமாகத் தெரிவது களத்தில் நெல்லாகக் குறைவதில்லை. இலைச்சுருட்டுப் புழுவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பொருளாதாரச் சேதநிலை, வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைகள். கண்ணாடி இலைப் பருவத்தில், அதாவது கதிருக்கு முந்தைய கடைசி இலை வரும்போது, 5 சதவீதம். நூறு இலை எண்ணிப் பத்தில் சேதம் இருந்தால்தான் மருந்தைப் பற்றிப் பேச்சே. நாம் வரப்பில் நின்று நாலு வெள்ளை இலையைப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறோம்.

அந்தச் சின்ன வயதுப் பயிரில் வேறொன்று நடந்துகொண்டிருக்கிறது. சேற்றில் மக்கும் வைக்கோல், தழை இவற்றைத் தின்று கோடிக்கணக்கில் நுண்ணிய ஈக்களும் கொசு இனங்களும் கிளம்புகின்றன. அவை நெல்லுக்கு நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. ஆனால் புகையான் வருவதற்கு முன்பே சிலந்திகள் இவற்றைத் தின்று பெருகிவிடுகின்றன. 1990-களில் ஜாவாவின் நெல் வயல்களில் செய்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. சேற்றில் மக்கும் பொருளைக் கூட்டினால் இந்த ஈக்கள் கூடின, அவற்றோடு இரைவிழுங்கிகளும் கூடின. தொழுவுரம், தக்கைப்பூண்டு போடுவதில் மண்ணுக்குக் கிடைப்பது போக இப்படியும் ஒரு பலன் உண்டு. இருபதாம் நாள் அடிக்கும் மருந்து இலைச்சுருட்டுப் புழுவோடு இந்தச் சிலந்திப் படையையும் சேர்த்து முடித்துவிடுகிறது. அறுபதாம் நாள் புகையான் வரும்போது வயலில் யாரும் இல்லை.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 'முதல் 40 நாள் மருந்து வேண்டாம்' என்பதை 1990-களில் வானொலி நாடகமாகவும் துண்டறிக்கையாகவும் கொண்டுபோனார்கள். பிரச்சாரம் நடந்த பகுதியில் பூச்சிமருந்து அடிக்கும் தடவை பாதிக்கும் மேல் குறைந்தது.

குருத்துப்பூச்சிக்கும் அளவு உண்டு: சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல், அல்லது 10 சதவீதம் நடுக்குருத்துக் காய்வு. அதைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். நான் மருந்தே கூடாது என்கிற ஆள் இல்லை.

புகையான் வந்துவிட்டது. இப்போதும் பூச்சியை நம்பிக்கொண்டிருக்க முடியுமா?

எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே சிலந்திக்குக் கணக்கு இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் சிம்புக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தி உங்கள் வரம்பை இரட்டிப்பாக்குகிறது. குத்தைச் சாய்த்து அடித்தூரில் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ண வேண்டும். வயலின் ஓரத்தில் நின்று எண்ணாமல் பத்து இருபது இடத்தில்.

புகையான் முட்டையை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. தெளிப்பு அதைத் தொடாது. மருந்து அடித்தால் ஓடித் திரியும் பூச்சி சாகும், சிலந்தியும் மிரிட்டும் சாகும். ஒரு வாரத்தில் உள்ளே இருந்த முட்டை பொரியும், தின்ன யாரும் இருக்க மாட்டார்கள். 'அடிச்ச வயல்லதான் அதிகமா வந்துச்சு' என்று டீக்கடையில் சொல்வது கட்டுக்கதை இல்லை. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளையும் குயினால்பாஸையும் புகையான் வயலில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்தோனேசியா இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. மானிய விலையில் மருந்தை அள்ளிக் கொடுத்த காலத்தில்தான் அங்கே புகையான் வெடித்தது. 1986-இல் அந்நாட்டு அரசு 57 மருந்துகளை நெல்லில் அடிக்கத் தடை போட்டது, பிறகு மானியத்தையும் நிறுத்தியது. நெல் விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை.

வரம்பைத் தாண்டிவிட்டால் முதலில் தண்ணீரை வடியுங்கள். மருந்து அடிப்பதென்றால் புகையானுக்கென்றே பரிந்துரைத்ததை, அடித்தூரில் படும்படி, வட்டமாகக் காயத் தொடங்கிய இடத்திலும் அதைச் சுற்றியும் மட்டும் அடியுங்கள். வரப்புப் பூவில் படக் கூடாது. அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள். யூரியாவைக் கையளவு குறைத்துப் பிரித்துப் போடுங்கள். கரும்பச்சைப் பயிரைத்தான் புகையானும் இலைச்சுருட்டியும் தேடி வரும். மேல் உரத்துக்கு, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வேப்பங்கொட்டைக் கரைசல், விளக்குப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி எல்லாம் நன்மைப் பூச்சியை ஒன்றும் செய்யாதா?

5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் மற்ற மருந்துகளைவிட மிகவும் சாது. அதற்காக வாராவாரம் பூசை மாதிரி அடிக்க வேண்டாம். விளக்குப் பொறியில் நல்லதும் விழும். மாலை ஆறிலிருந்து பத்து வரை எரித்தால் போதும், விடிய விடிய எரிப்பது வீண். மஞ்சள் அட்டையில் பொறிவண்டும் குளவியும் ஒட்டிக்கொள்ளும். பூச்சி வந்திருக்கிறதா என்று பார்க்க நாலு அட்டை போதும், தோரணம் கட்ட வேண்டாம்.

டிரைக்கோகிரம்மா முட்டை அட்டை வாங்கிக் கட்டினால் வரப்பு வேலை மிச்சம்தானே?

கட்டலாம். குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை அது. குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம் இனம், இலைச்சுருட்டிக்கு கைலோனிஸ் இனம், எக்டேருக்கு ஒரு தடவைக்கு 5 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை, அதாவது சுமார் ஒரு லட்சம் ஒட்டுண்ணி. ஏக்கருக்கு 2 சிசி. அந்துப்பூச்சி பறக்கத் தொடங்கும்போது வாரம் ஒரு முறையாக மூன்று தடவை, வெயில் படாமல் இலைக்கு அடியில்.

ஆனால் அட்டையிலிருந்து வரும் குளவி முதலில் தேடுவது தேனை. வரப்பு மொட்டையாக இருந்தால் காசு கொடுத்து வாங்கிய குளவியைப் பட்டினி போடுகிறீர்கள். அட்டை கட்டிய வாரத்தில் மருந்து அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதையும் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வயல்காரர் வாரம் தவறாமல் அடிக்கிறார். நான் மட்டும் செய்து என்ன பயன்?

பயன் குறையும், இல்லாமல் போகாது. அவர் அடிக்கும்போது உங்கள் வயலுக்கு ஓடிவரும் பூச்சிகளில் சிலந்தியும் உண்டு. பொது வரப்பில் நீங்கள் விதைத்தால் அவர் அடிக்கும் மருந்து பூவில் படும். அதனால் உங்கள் வயலுக்குள்ளே இருக்கும் நடுவரப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள். வாய்க்கால் ஓரத்து நாலைந்து பேர் சேர்ந்தால் கதையே வேறு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலமாக இருந்தால் இதைப் பேச நல்ல நேரம் நாற்றங்கால் காலம். புகையான் வந்தபின் பேசினால் சண்டைதான் வரும்.

பறவை தாங்கி வைக்கலாமா?

வையுங்கள். 'டி' வடிவில் குச்சி, ஏக்கருக்கு இருபது. கரிச்சான் வந்து உட்கார்ந்து புழுவையும் அந்துப்பூச்சியையும் கொத்தும். பால் பிடிக்கத் தொடங்கியதும் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நெல் தின்னும் சில்லைகளுக்கு நாற்காலி போட்ட மாதிரி ஆகிவிடும்.

மகசூல் கூடுமா? கணக்குச் சொல்லுங்கள்.

சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளில் வரப்பில் தேன் பூச்செடி வளர்த்து, பல ஆண்டுகள் நடந்த சோதனைகளின் முடிவு 2016-இல் வெளியானது. பூச்சிமருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, நெல் மகசூல் 5 சதவீதம் கூடியது, பண அளவில் 7.5 சதவீதம் கூடுதல் ஆதாயம்.

5 சதவீதத்தைக் கேட்டு யாரும் துள்ளிக் குதிக்கப் போவதில்லை. மூட்டைக் கணக்கில் பார்த்தால் ஏக்கருக்கு ஒன்றிரண்டு. என்னைக் கேட்டால் மிச்சமாகும் தெளிப்பும், தெளிக்க வரும் ஆள் கூலியும், வரப்பு உளுந்தும்தான் கையில் தெரியும் லாபம்.

முதல் போகத்திலேயே வித்தியாசம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல ஆண்டு மருந்து குடித்த வயலில் சிலந்தி திரும்பப் பெருக அவகாசம் வேண்டும். மொத்த நிலத்தையும் மாற்றப் பயமாக இருந்தால் ஒரு மா (ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) மட்டும் ஒதுக்கி, அதில் வாரம் ஒரு நாள் இருபது குத்தில் சிலந்தியையும் புகையானையும் எண்ணி நோட்டில் எழுதுங்கள். மருந்து அடித்த வயலிலும் அதேபோல.

கோடையில், வயல் காய்ந்து கிடக்கும்போது இவையெல்லாம் எங்கே போகும்?

சம்பா அறுத்தபின் தரிசில் உளுந்தும் பயறும் தெளிப்பது இவற்றுக்கு ஒரு பாலம். அதுவும் முடிந்த பிறகு வாய்க்கால் கரை, குளத்தங்கரை, வெடிப்புகள், வைக்கோல் போர் அடி. வைக்கோலையும் வரப்புப் புல்லையும் கொளுத்தினால் ஒதுங்கியிருப்பதெல்லாம் அதோடு போச்சு. தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் வளர்வது. ஊரில் ஒரு குட்டையாவது வற்றாமல் இருந்தால் அடுத்த குறுவைக்குத் தட்டான் இருக்கும்.

நெல் இல்லாமல் வேறு பயிர் செய்கிறவர்களுக்கு?

தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுப்பூ. தக்காளி நாற்று 25 நாள், செண்டு நாற்று 40 நாள் வயதில் சேர்த்து நட்டால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். காய்ப்புழுவின் அந்துப்பூச்சி செண்டில் முட்டையிடும். அந்தப் பூவையும் மொட்டையும் அவ்வப்போது பறித்துப் புழுவை அழிக்க வேண்டும், விட்டுவைத்தால் அது பண்ணையாகிவிடும். நிலக்கடலையில் ஊடே தட்டைப்பயறு, ஓரத்தில் ஆமணக்கு. ஆமணக்கு இலையில் புகையிலை வெட்டுப்புழுவின் முட்டைக் குவியலையும் சல்லடையான இலையையும் தினமும் கிள்ளி எடுக்க ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள். பருத்திக்கும் ஓரத்தில் தட்டைப்பயறு நல்லது, பொறிவண்டு அங்கிருந்து இறங்கும்.

இந்தக் குறுவைக்கு ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எது?

நாற்பது நாள் தெளிப்பான் கொட்டகையிலேயே இருக்கட்டும். எள் விதை கால் படி கையில் இருந்தால் நாற்றங்கால் விடுகிற அன்றைக்கு வரப்பில் ஊன்றிவிடுங்கள்.